இருபத்துநாலு டிகிரி

எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வெப்பம் எப்போதும் இருபத்துநாலு டிகிரிதான். இதை நான் சொல்லவில்லை, பதிவேடு சொல்கிறது. காலை பத்து மணிக்கு இருபத்துநாலு, மாலை மூன்று மணிக்கும் இருபத்துநாலு. நான் வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு டிகிரி கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. கட்டடத்துக்கென்று இருக்கிற ஒரே தெர்மாமீட்டர் மூன்றாவது மாடியில் நிர்வாக அதிகாரியின் அறையில், ஏசிக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். பதவியின் பெயர் அளவர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

நான் இருப்பது கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவின் இஸ்திரி அறையில். எண்ணூறு கட்டில்களின் விரிப்புகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள், ஆபரேஷன் துணிகள் எல்லாம் எங்கள் கையில்தான் சுருக்கம் நீங்கிப் போகும். நாலு நீராவி இஸ்திரி மெஷின்கள் காலையில் ஆறு மணிக்குச் சீறத் தொடங்கினால் மாலை வரை வாயை மூடாது. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் நாலு ஆணி அடித்து மூடி வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியேதான் நிர்வாக அதிகாரியின் கார் நிற்குமாம். நாங்கள் விடுகிற ஆவி பட்டு அதன் கண்ணாடி மங்கிப் போகிறதாம்.

என் அக்காவும் அதே அறையில்தான் வேலை செய்கிறாள். நான் தேய்ப்பேன், அவள் மடிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் இருக்கிறாள். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் பாக்கி. அந்த வெயில் காலத்தில் மட்டும் இரண்டு தடவை மடித்த துணியோடு மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டையும் மேற்பார்வையாளர் அழகான கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். மூன்றாவது தடவை ஏறினால் 'பணிக்குத் தகுதியற்றவர்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு எங்கே இருக்கிறது? வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும்.

"ஏன் சார், மயங்கி விழறது அவ தப்பா? அறை அப்படி வேகுது" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"எல்லாரும் அதே அறையிலதானே இருக்கீங்க? மத்தவங்க விழலையே" என்றார். அவர் இருக்கை வெளியே வராந்தாவில், மேஜை விசிறிக்கு முன்னால்.

விதிப்புத்தகம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையணை உறை எண்ணுகிற மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே அந்தப் புத்தகத்தைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். உருவிப் படித்தேன். நாற்பத்தேழாம் விதி தெளிவாகச் சொன்னது: பணி அறையின் வெப்பம் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், ஒவ்வொரு மணி நேரத்திலும் அரை மணி ஓய்வு தர வேண்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்த விதியின் மேல் தலையணை உறை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புத்தகத்தோடு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். நிர்வாக அதிகாரி கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"நல்ல விதிதான். நாங்க போட்டதுதானே" என்றார் பெருமையாக. "ஆனா வெப்பம் முப்பத்தஞ்சைத் தாண்டணுமேப்பா. இங்க இருபத்துநாலு தானே காட்டுது?"

"சார், அது உங்க ரூம்ல காட்டுது. எங்க ரூமுக்கு வந்து பாருங்க."

"கட்டடம் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் சார்."

"அப்ப வெப்பமும் ஒண்ணுதான். தளத்துக்குத் தளம் வேற வேற வெப்பம் வச்சுக்கிட்டா நிர்வாகம் எப்படிப் பண்றது?"

குளிரில் என் முதுகு வியர்வை சில்லிட்டு ஒரு தும்மல் வந்தது. "பார்த்தியா, உனக்கே குளிருது" என்றார்.

ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டருக்குப் பஞ்சமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தெரிந்த நர்ஸம்மா ஒருவர் இரக்கப்பட்டு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டு வந்து மடிப்பு மேஜையில் வைத்தார். நாற்பத்தொன்று காட்டியது. மேற்பார்வையாளரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நோயாளிக்கான கருவி. மேஜைக்கு ஜுரம்னா வார்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், நர்ஸம்மாவுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று.

கடையில் ஒன்று வாங்கி மாட்டலாம் என்றால் அதுவும் முடியாது. வெளியே வாங்கிய பொருள் எதுவாக இருந்தாலும் கொள்முதல் பிரிவின் முத்திரை இல்லாமல் உள்ளே ஆணியில் தொங்கக் கூடாது. சுவர்க் காலண்டருக்கே இரண்டு வருஷம் ஆயிற்று. வந்து சேர்ந்தபோது அது முந்தின வருஷத்துக் காலண்டர்.

அன்று வீட்டில் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "வாங்கினதுக்குத்தானே முத்திரை வேணும்? வீட்ல செஞ்சதுக்கு?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். வீட்டில் செய்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அப்புறம் என்ன, செஞ்சுட்டுப் போங்க. பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாங்களே, மறந்துட்டீங்களா? தூங்கியிருப்பீங்க" என்றாள்.

அவளேதான் முக்கால்வாசி செய்தாள். காலியான இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்தாள். அதில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் நாலு சொட்டு விட்டாள். மூடியில் சூடான ஊசியால் ஓட்டை போட்டு, அதில் ஜூஸ் குடிக்கிற கண்ணாடி நிற ஸ்ட்ராவைச் செருகினேன். அதன் கீழ்முனை தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும், மேல்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றிக் காற்றுப் போகாதபடி மெழுகுவத்தியை உருக்கி அடைத்தோம். மேலே இருந்து ஸ்ட்ரா வழியாக லேசாக ஒரு ஊது ஊதினேன். நீலத் தண்ணீர் ஸ்ட்ராவுக்குள் கொஞ்சம் ஏறி நின்றது. அவ்வளவுதான் தெர்மாமீட்டர். பாட்டிலுக்குள் மிச்சமிருக்கிற காற்று சூட்டில் பெருத்துத் தண்ணீரை அழுத்தும், தண்ணீர் ஸ்ட்ராவில் ஏறும். குளிர்ந்தால் இறங்கும்.

"கையால பிடிச்சுப் பாருங்க" என்றாள். பாட்டிலை இரண்டு கையாலும் பொத்தினேன். நீலம் விறுவிறுவென்று மேலே ஏறியது. கையை எடுத்ததும் இறங்கியது. நாற்பத்தாறு வயதில் இதற்குப் போய் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டிகிரி போடுவதுதான் பெரும்பாடு. ஒரு வாளியில் வெதுவெதுப்பான நீர் வைத்து, பாட்டிலையும் வீட்டு ஜுர தெர்மாமீட்டரையும் ஒன்றாக அதில் நிறுத்தினோம். நீர் ஆற ஆற, ஜுர தெர்மாமீட்டரை உதறி உதறி வைத்து, அது நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தாறு என்று காட்டுகிற இடத்திலெல்லாம் ஸ்ட்ராவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் கோடு கிழித்தேன். அதே இடைவெளியில் கீழே இருபத்துநாலு வரைக்கும் கோடுகளை இறக்கினேன். நாற்பத்திரண்டுக்கு மேலே ஸ்ட்ரா முடிந்துவிட்டது.

மறுநாள் அதை மடிப்பு மேஜையில் வைத்தோம். பதினோரு மணிக்கு நீலம் நாற்பத்திரண்டைத் தொட்டு, ஸ்ட்ரா நுனியில் ஒரு சொட்டாக நின்றது.

அக்கா குனிந்து பார்த்தாள். "அப்ப எனக்கு வயசாயிடுச்சுன்னு விழலைடா. நிஜமாவே சூடுதான்" என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. இரண்டு மாதமாக அவள் தன் உடம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றே மனு எழுதினேன்.

மனுவுக்குப் பதிலாகக் குழு வந்தது. பெயர், உட்கட்டட வெப்பக் குறைதீர் உயர்நிலைக் குழு. நிர்வாக அதிகாரி தலைவர், தர அலுவலர் செயலாளர், அளவர் உறுப்பினர். என்னையும் பாட்டிலையும் மூன்றாவது மாடிக்கு அழைத்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை. பாட்டிலுக்கு மேஜைமேல் வெல்வெட் துணி விரித்திருந்தார்கள்.

"இதற்கு வரிசை எண் எங்கே?" என்று தர அலுவலர் கேட்டார். அவர் எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்.

"ஒண்ணுதான் சார் செஞ்சோம்."

"ஒன்றானாலும் வரிசை உண்டு." எண் ஒன்று என்று சீட்டு ஒட்டினார். மூடியின் மேல் அரக்கு உருக்கி ஆஸ்பத்திரி முத்திரை குத்தினார். பிறகு எல்லோரும் கால் மணி நேரம் பேசாமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏசிக் குளிரில் நீலம் மெல்ல மெல்ல இறங்கி இருபத்துநாலில் வந்து நின்றது. அளவர் சுவரில் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். அதுவும் இருபத்துநாலு. மூவரும் கை தட்டினார்கள்.

நிர்வாக அதிகாரி எழுந்து பேசினார். "ஒரு சாதாரண இஸ்திரிக்காரர் வீட்டிலேயே செய்த கருவிகூட நம் பதிவேட்டைத்தான் உறுதிப்படுத்துகிறது. பதினோரு வருஷமாக நாம் உண்மையைத்தான் எழுதி வந்திருக்கிறோம். அதற்காக இவருக்கு நன்றி."

"சார்! அதைக் கீழ வச்சுப் பாருங்க சார்!" என்று கத்தியேவிட்டேன்.

என் குரலுக்குப் பயந்தார்களோ, சாப்பாட்டுக்கு எப்படியும் கீழே போக வேண்டியிருந்ததோ, குழு கிளம்பியது. முன்னால் அளவர் பாட்டிலை வெல்வெட்டோடு ஏந்தி நடக்க, பின்னால் மற்றவர்கள். இஸ்திரி அறைக் கதவைத் திறந்ததும் மஃப்ளர் கழன்றது. மடிப்பு மேஜையில் பாட்டிலை வைத்தார்கள். நீலம் முப்பதைத் தாண்டியது, முப்பத்தைந்தைத் தாண்டியது. நாற்பத்திரண்டையும் தாண்டி, ஸ்ட்ரா நுனியில் பொங்கி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தர அலுவலரின் வெள்ளைச் சட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஐயையோ!" என்று பதறினார் நிர்வாக அதிகாரி. எனக்கு உயிர் வந்தது. ஒரு வழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கருவியைத் தூக்குங்க! தூக்குங்க! இவ்வளவு சூட்டுல வச்சா அது என்னத்துக்கு ஆகும்? முத்திரை குத்தின பொருள்! உங்களுக்கெல்லாம் கொஞ்சம்கூட மனிதாபிமானமே கிடையாதா?"

பாட்டிலை நெஞ்சோடு அணைத்து வெளியே கொண்டு ஓடினார்கள். அக்கா ஒரு கையில் விரிப்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். "அந்த பாட்டிலாப் பொறந்திருக்கலாம்டா" என்றாள்.

குழுவின் அறிக்கை பத்து நாளில் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் காரியமும் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. முடிவுகள் மூன்று. முதலாவது, இனிமேல் கட்டடத்தின் அதிகாரபூர்வமான கருவி எங்கள் பாட்டில்தான், சுவர்த் தெர்மாமீட்டருக்கு ஓய்வு. இரண்டாவது, புகார் எழுந்த இடமான இஸ்திரி அறையிலேயே கருவி நிறுவப்படும். மூன்றாவது, அங்கு நிலவும் கடும் சூழலிலிருந்து கருவியைப் பாதுகாக்க ஏசி பொருத்திய கண்ணாடி அறை கட்டப்படும்.

கட்டினார்கள். எங்கள் அறையின் நடுவில், கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு மேஜை, அதன்மேல் இருமல் மருந்து பாட்டில். கதவில் 'பணியாளர் நுழையக் கூடாது' என்ற பலகை. ஏசியின் பின்பக்கம் சூடான காற்று விடுமே, அது எங்கே போகும்? ஜன்னல்தான் ஆணி அடித்திருக்கிறதே. எங்கள் பக்கமே திருப்பிவிட்டார்கள். நாலு மெஷினுக்கு அஞ்சாவதாக அதுவும் ஊதியது. தினம் இரண்டு வேளை அளவர் ஸ்வெட்டரோடு வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இருபத்துநாலு என்று எழுதிவிட்டுப் போனார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே வியர்வை சொட்ட நின்று, நாங்களே செய்த பாட்டில் சொகுசாக இருப்பதைப் பார்த்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு டாக்டரின் கோட்டையே கருக்கிவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டி வந்த ஒன்பதாம் நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு அக்கா, "தம்பி, கொஞ்சம் தண்ணி..." என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மேஜையோரமாகச் சரிந்துவிட்டாள்.

மூன்றாவது தடவை. மேற்பார்வையாளர் வராந்தாவில் பேனாவோடு இருக்கிறார். நான் பலகையைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். போய்யா உன் பலகையும் நீயும் என்று கதவை உதைத்துத் திறந்தேன். மடித்து வைத்த விரிப்புக் கட்டு ஒன்றை உள்ளே தரையில் போட்டு, அக்காவைத் தூக்கி வந்து அதன்மேல் அவள் தலையை வைத்தேன். தண்ணீர் எடுக்க ஓடுகிற அவசரத்தில், தோளில் கிடந்த சுடச்சுடத் தேய்த்த துவாலைகளை மேஜைமேல் வீசிவிட்டுப் போனேன். அவை பாட்டிலைச் சுற்றி விழுந்தன. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

நான் தண்ணீரோடு திரும்பி அக்கா முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மூன்று மணி. அளவர்.

தரையில் கிடந்த அக்காவைச் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போனார்.

"சார், இவங்க மயங்கி..."

"உள்ள ஆள் இருக்கக் கூடாதுதான். ஆனா அதைப் பார்க்கிறது என் வேலை இல்ல. என் வேலை கருவியைப் பார்க்கிறது" என்றார். துவாலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஸ்ட்ராவை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குளிருக்கு ஸ்வெட்டர் பொத்தானை மேலே வரைக்கும் மாட்டிக்கொண்டு, பதிவேட்டில் எழுதினார்: முப்பத்தொன்பது.

அஞ்சு நிமிஷத்தில் ஒலிபெருக்கி அலறியது. கட்டடத்தின் வெப்பம் முப்பத்தொன்பது டிகிரியை எட்டிவிட்டதாம். நாற்பத்தேழாம் விதி அமலாகிறதாம். அலுவலர்கள் அனைவரும் உடனே வெளியேறி வீட்டுக்குப் போய் ஓய்வு எடுக்க வேண்டுமாம். நோயாளிகளுக்குத் துணி தேவைப்படுவதால் சலவைப் பிரிவு மட்டும் வழக்கம்போல் இயங்குமாம்.

மாடிப்படியில் தடதடவென்று கூட்டம் இறங்கியது. நிர்வாக அதிகாரி மஃப்ளரால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போனார். "காலையிலிருந்தே எனக்கு ஒரு மாதிரி புழுக்கமா இருந்துச்சு. அப்பவே நினைச்சேன்" என்று தர அலுவலரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மேற்பார்வையாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அக்கா மயங்கியதை எழுத ஆளே இல்லை.

நான் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன். "சார், ஜன்னல்! விதியில ஜன்னலைத் திறக்கணும்னு இருக்கு சார்!"

"கண்டிப்பாத் திறக்கணும்" என்றார் நிர்வாக அதிகாரி, கார்க் கதவைத் திறந்துகொண்டே. "ஆணி பிடுங்கறது தச்சரோட வேலை. அவரைக் கூப்பிட்டுக்கோ."

"தச்சர் எங்க சார்?"

"அவரும் வீட்டுக்குப் போயிட்டாரேப்பா. இந்த வெயில்ல அவர் மட்டும் மனுஷன் இல்லையா?"

கார் போய்விட்டது. நான் திரும்பி வந்தபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் மெதுவாக எழுந்தாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். ஜன்னலிடம் போய் ஆணித் தலைக்கடியில் அதன் முனையைக் கொடுத்து நெம்பினாள்.

"அக்கா, வேண்டாம். விளக்கம் கேப்பாங்க."

"கேக்கட்டும்டா. மூணு தடவை விழுந்தேன், ஒருத்தன் ஏன்னு கேட்டானா? ஆணிக்காவது கேக்கட்டும்."

நாலு ஆணியும் வருவதற்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னலைத் தள்ளினாள். காலியாகிவிட்ட கார் இடத்திலிருந்து காற்று வந்து விரிப்புகளைத் தூக்கியது. நாங்கள் எல்லோரும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அங்கே போய் நின்றோம். இந்த நாலு நிமிஷ வேலைக்கா இவ்வளவும் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் பத்து மணிக்குப் பாட்டில் பழையபடி இருபத்துநாலு காட்டியது. பதினொரு மணிக்கு உத்தரவு வந்துவிட்டது. வெப்பம் சீரடைந்துவிட்டதால் ஜன்னல் திறந்திருக்கத் தேவை இல்லை, உடனே ஆணி அடிக்க வேண்டும். கூடவே எனக்கு ஒரு கடிதம். ஆணிகள் எந்த அங்கீகரிக்கப்பட்ட கருவியால் பிடுங்கப்பட்டன என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குத் தச்சர் வந்தார். தாட்டியான மனுஷர். சுத்தியலும் பொட்டலமாக நாலு புது ஆணியும் வைத்திருந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே போய் ஜன்னலைச் சாத்தினார். அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

தச்சர் ஒரு ஆணியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். கையை எடுத்து முகத்தைத் துடைத்தார். இன்னொரு தட்டு. சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மெஷின்கள் சீறின, கண்ணாடிப் பெட்டியின் ஏசி அவர் முதுகில் சூடாக ஊதியது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா இது, அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு! இங்க எத்தனை டிகிரி?"

"இருபத்துநாலு. அங்க எழுதியிருக்கு பாருங்க" என்றாள் அக்கா.

அவர் கண்ணாடிக்குள் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பக்கத்தில் விரித்து வைத்திருந்த பதிவேட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு பாதி இறங்கிய ஆணியைப் பிடுங்கி, மற்ற மூன்றோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னலை விரியத் திறந்துவிட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். வேலைச் சீட்டைச் சுவரில் வைத்து எழுதி, என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

'நான்கு ஆணிகள் அடிக்கப்பட்டன. ஜன்னல் மூடப்பட்டது.'

நான் கையெழுத்துப் போட்டேன்.